அங்கீகாரம் பெற்ற குறைசொல்லி

டோபா ஸ்லுட்ஸ்கியின் டெலி என்கிற சாப்பாட்டுக் கடையில் யாரும் எதையும் பாராட்டிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பாராட்டுக்கு நாங்கள் வேறு வழி வைத்திருக்கிறோம். சூப் நன்றாக இருந்தால் சூடு போதாது என்போம். மிக நன்றாக இருந்தால், "இவ்வளவுதான் ஊத்துவியா?" என்போம். யாராவது ஒருவன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனால், டோபா சமையலறையிலிருந்து தலையை நீட்டி, "அவனுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். ப்ரூக்ளினில் எங்கள் யூதத் தெருவில் இதுதான் மரியாதை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நான் யாங்கெல் கர்ஃபெய்ன். ஊர் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஓய்வு என்பது தொழிற்சங்கம் வைத்த பெயர். எனக்கு உட்காரத் தெரியாது. வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்த நாற்காலி மேல் என்று தோன்றும். அங்கே போனால் முதல் நாற்காலியை விட்டு வந்தது தப்பு என்று தோன்றும். மதியம் டோபா கடைக்குப் போய், பஸ்ட்ராமி என்கிற பதப்படுத்திய மாட்டிறைச்சியில் கொழுப்பு அதிகம் என்றோ குறைவு என்றோ சொல்லி, பரிமாறுகிற லெய்சரிடம் திட்டு வாங்கினால்தான் உடம்பு ஒரு நிலைக்கு வரும்.

லெய்சரின் திட்டு தரமானது. "இன்னைக்கு என்ன நல்லா இருக்கு?" என்று கேட்டால், "வெளியில வெயில் நல்லா இருக்கு, போய் நில்லு. உள்ள வந்துட்டேன்னா உக்காந்து சாப்பிடு" என்பான். மெனு கேட்டால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். "உனக்கு எதுக்கு மெனு? நேத்து தின்னதத்தான் இன்னைக்கும் திங்கப் போற."

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கடைக்குத்தான் டெலி மரபுப் பேரவை வந்தது.

கட்டடத்துக்காரக் கிழவர் இறந்துபோய் மகன் கைக்குக் கட்டடம் வந்திருந்தது. மகன் படித்தவன். மரபு இருக்கிற கட்டடத்துக்கு மதிப்பு கூடுகிறது என்று எங்கேயோ படித்திருந்தான். டோபாவிடம் வந்து மிகவும் அன்பாகச் சொன்னான். பேரவையின் முத்திரை ஜன்னலில் ஒட்டப்பட்டால் குத்தகை தொடரும். இல்லையென்றால் அந்த இடத்தில் பச்சைக் காய்கறிகளைப் பிழிந்து சாறு விற்கிறவர்கள் வருவார்கள். அவர்கள் ஏற்கெனவே சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"கடை போச்சுன்னா நான் எங்க போவேன், யாங்கெல்? ஃப்ளோரிடாவுல மக வீட்டு சோபாவுல உக்காந்து, பேத்தி டிவி பாக்கறத நான் பாத்துக்கிட்டே சாகணும்" என்றாள் டோபா. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், ஆனால் கண் கலங்கியது வெங்காயத்தால் அல்ல. எனக்குப் பகீரென்றது. அவள் சோபாவில் உட்கார்ந்தால் நான் எங்கே உட்காருவேன் என்பதும் அதில் சேர்ந்திருந்தது.

பேரவையைப் பற்றி விசாரித்தேன். அவர்கள் இதற்கு முன் நகரத்தில் பல டெலிகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒன்றில் இப்போது மெழுகில் செய்த பஸ்ட்ராமியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். இன்னொன்றில் புதன்கிழமைகளில் சொற்பொழிவு நடக்கிறது. மூன்றாவதன் கதவு பூட்டியே இருக்கிறது, உள்ளே ஈரப்பதம் மாறக்கூடாதாம். எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. சாப்பாடு மட்டும் கிடைப்பதில்லை.

முதல் விஜயத்துக்குத் தலைவர் டாக்டர் லிப்கோவிட்ஸே வந்தார். உயரமானவர், ஒடிசலானவர், பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர். அவருடைய டாக்டர் பட்டம் பஸ்ட்ராமியின் ஆவி பற்றியது. உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே வேகவைத்த ஆப்பிள் இருந்தது.

"நீங்க எங்க சாப்பாடு சாப்பிட மாட்டீங்களா?" என்றாள் டோபா.

"எனக்கு நெஞ்செரிச்சல் அம்மா. பஸ்ட்ராமிய வாயில வெச்சு எத்தனையோ வருஷமாச்சு. அதனாலதான் என்னைத் தலைவராப் போட்டாங்க. சாப்பிடறவனுக்கு ஒரு பக்கம் சாய்வு வந்துடும். ருசிங்கிறது நாக்கோட சொந்த அபிப்பிராயம். நாக்கை நம்பி ஒரு பேரவை நடத்த முடியுமா?"

சுருக்கென்று ஏதாவது சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. டோபா என் காலை மிதித்தாள்.

அவரோடு கூட இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் திருமதி கிட்டல் ப்ரோன்ஸ்ட். இன்னொருவர் ஓஷர் ட்ரெய்ஸ்ட்மன். இவர்கள் ஒரு காலத்தில் கணவன் மனைவி. கோழி சூப்பில் போடுகிற மட்ஸா மாவு உருண்டை மிதக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் கட்சி. மூழ்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. இந்த விஷயத்தில் எங்கள் ஆட்களில் பாதிக் குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல்தான் இருக்கின்றன. இவர்கள் விவாகரத்தே வாங்கிவிட்டார்கள். இப்போது அந்த அம்மாள் பேரவையின் மிதவைக் குழுவுக்குத் தலைவி, அவர் மூழ்கு குழுவுக்குத் தலைவர். இருவரும் தலைவர் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

"ஐயா, அந்த மனுஷர் உப்பு டப்பாவ என் பக்கம் நகர்த்தணும்."

"ஐயா, அந்த அம்மாவுக்குக் கை இருக்குன்னு சொல்லுங்க."

டாக்டர் லிப்கோவிட்ஸ் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஒருவருக்கொருவர் எடுத்துச் சொன்னார்.

பிறகு மணி அடித்தார். சுவைக்கும் நேரத்தில் கடையில் யாரும் பேசக்கூடாது என்பது விதி. டெலியில் பேசக்கூடாது! நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டோம். வெள்ளரி ஊறுகாயைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொருவன் பல்லும் எப்படிச் சத்தம் போடுகிறது என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டோம். இழவு வீட்டில்கூட இதைவிட நன்றாகப் பேசுவோம்.

அந்த அமைதியில்தான் ட்ரெய்ஸ்ட்மன் தொண்டையைச் செருமினார். நீதிபதிகளுக்கு மட்டும் பேச்சுரிமை உண்டு.

"பணியாளரே, இந்த பஸ்ட்ராமிக்குக் கொஞ்சம் மயோனைஸ் கிடைக்குமா?"

எங்கள் எல்லோருடைய வாயும் பாதி மென்றபடி நின்றுவிட்டது. ரை ரொட்டி, பஸ்ட்ராமி, கடுகுச் சாந்து. இதில் மயோனைஸைச் சேர்க்கச் சொல்வது அப்பன் கல்லறைமேல் துணி காயப்போடுவதற்குச் சமம். முன்பு ஒரு தடவை வெளியூர்க்காரன் ஒருவன் தெரியாமல் கேட்டுவிட்டான். லெய்சர் அவன் தட்டைப் பிடுங்கி, அவன் தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு எங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

ஆனால் பாவம் லெய்சர், டோபாவுக்காக அன்றைக்கு டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தான். அவன் முகம் வெளுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "இதோ கொண்டாரேன், ஐயா" என்றான். தெருவைத் தாண்டி எதிர் மளிகைக்கு ஓடினான். ஒரு குப்பியை வாங்கிக்கொண்டு வந்து, ஒரு கிண்ணத்தில் எடுத்து, மேசையில் வைத்து, "வேற ஏதாவது வேணுங்களா?" என்றும் கேட்டுவிட்டான்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விவாகரத்தான இருவரும்கூட.

"அம்மா, அது ஒரு பொறி" என்றார் டாக்டர் லிப்கோவிட்ஸ், டோபாவிடம் துக்கம் விசாரிக்கிற குரலில். "மயோனைஸ் கேட்டா வெளிய தள்ளணும். குறைஞ்சது ஒரு தரக்குறைவான வார்த்தை. இவர் எவ்வளவு காலமா இப்படி மரியாதையா இருக்கார்?"

"இன்னைக்குக் காலைலேர்ந்துதான்யா" என்று லெய்சர் கெஞ்சினான். "நான் ரொம்ப மோசமானவன். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"சரி, இப்ப என்னைத் திட்டுங்க பாப்போம்."

லெய்சர் எச்சில் விழுங்கினான். அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க... உங்க காலர் கொஞ்சம் அழுக்கா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க." பிறகு அழுதுவிட்டான்.

அலட்சியத்துக்கான மதிப்பெண் முழுவதும் போயிற்று. அடுத்து உருண்டைப் பரிசோதனை. ஒரு நீளமான கண்ணாடி ஜாடியில் சூப்பை ஊற்றி, டோபாவின் உருண்டை ஒன்றை மெல்ல விட்டார்கள். அது இறங்கியது. ட்ரெய்ஸ்ட்மன் புன்னகைத்தார். பாதி வழியில் என்ன நினைத்ததோ, நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நடுவில் தொங்கிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஐயா, அது மேல வரப் பாக்குது. அந்த மனுஷர் மூச்சு விட்டுத் தடுக்கறார்."

"ஐயா, அது கீழதான் போவுது, நேரமெடுக்குது. அந்த அம்மாவுக்குப் பொறுமை கிடையாதுன்னு கோர்ட்லயே சொல்லியிருக்கேன்."

ஜாடியைச் சுற்றி நின்று நெடுநேரம் பார்த்தார்கள். இதற்கு விதியில் இடமில்லை என்றார் டாக்டர் லிப்கோவிட்ஸ். எந்தக் கட்சியிலும் சேராத உருண்டை இருக்க முடியும் என்று பேரவை எண்ணிப் பார்த்ததே இல்லை. "இது எந்த மரபு அம்மா?"

"கையில வர்றதுதான்யா. நேத்து மேல நின்னுது" என்றாள் டோபா.

"நேத்து ஒரு மாதிரி, இன்னைக்கு ஒரு மாதிரியா?" அவர் கண்ணைத் திறந்தே விட்டார். "அதுக்குப் பேரு மரபு இல்ல அம்மா, விபத்து."

முடிவு பொது விசாரணைக்குத் தள்ளப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடையிலேயே. வாடிக்கையாளர்கள் சாட்சி சொல்லலாம் என்றார்கள். நாங்கள் தெருவில் கூடிக் கூடிப் பேசினோம். எனக்குத் தூக்கம் போயிற்று. எழுந்து நடப்பேன், ஜன்னலைத் திறப்பேன், குளிருகிறது என்று மூடுவேன். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். டோபாவைக் காப்பாற்ற வேண்டும், அதனால் பாராட்டிவிடுவது. அது இவ்வளவு பெரிய பாவமாக முடியும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஞாயிறன்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், "சூப் பிரமாதம்" என்றார். சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது. தையல்காரர் மனைவி, "ஈரல் மசியல் ரொம்ப நல்லா இருக்கும், ரொம்ப... நல்லா இருக்கும்" என்று சொல்லி உட்கார்ந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அளவு போதும் போதும்னு தருவாங்க" என்றான் ஒருவன். என்ன அநியாயமான பொய்!

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டோபாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. எங்கள் வழக்கத்தில் ஒருவர் சமையலை வாய்விட்டுப் புகழ்வது அவரைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போதுதான். அவள் சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யாங்கெல், உண்மையச் சொல்லு. என் டாக்டர் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா? போன மாசம் ரத்தம் குடுத்தேனே, அதுல ஏதாவது வந்திருக்கா?"

"ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்க."

"அப்ப ஏன் எல்லாரும் நான் செத்துட்ட மாதிரி பேசறாங்க?"

டாக்டர் லிப்கோவிட்ஸ் எழுந்தார். கண்ணை மூடினார். "நண்பர்களே, பேரவை வருத்தத்தோட சொல்லுது. ஒரு உண்மையான டெலியில வாடிக்கையாளர் திருப்தியா இருக்க மாட்டாங்க. எங்க ஆராய்ச்சி அதத்தான் காட்டுது. நீங்க எல்லாரும் ஒருமனசா சந்தோஷமா இருக்கீங்க. இது வேற ஏதோ இடம். பேரவை உண்மையான அதிருப்திய மட்டும்தான் பாதுகாக்கும். மகிழ்ச்சிய அவங்கவங்களே பாத்துக்கணும்."

கட்டடத்துக்காரன் மகன் பின்வரிசையில் இருந்தான். கைபேசியை எடுத்து யாருக்கோ தட்ட ஆரம்பித்தான். சாறு பிழிகிறவர்களுக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"யார் சொன்னது சந்தோஷமா இருக்கோம்னு?" என்று கத்தினேன். "இந்த சூப்ப நான் காலம் காலமா குடிக்கிறேன். ஒரு நாள் உப்புக் கரிக்கும். மறுநாள் கோழி எட்டிப் பாத்துட்டுப் போன மாதிரி இருக்கும். உருண்டை திங்கக்கிழமை பஞ்சு, வியாழக்கிழமை கல்லு. ஏன் தெரியுமா? திங்கக்கிழமை மக போன் பண்ணுவா, இவ சிரிச்சுக்கிட்டே பிசைவா. வியாழக்கிழமை கட்டடத்துக்காரன் போன் பண்ணுவான், குத்துக் குத்துனு குத்துவா. ஊறுகாய் பல்லுல பட்டா காது வரைக்கும் கூசும். பஸ்ட்ராமிய அந்த லெய்சர் எனக்கு மட்டும் ஓரத்துத் துண்டாப் பாத்துப் போடுவான், கடங்காரன். இந்தக் கடைய மூடிட்டீங்கன்னா இதெல்லாத்தயும் நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? என் வீட்டுச் சுவத்துகிட்டயா?"

சமையலறை வாசலிலிருந்து டோபாவின் குரல் வந்தது. அதில் பழைய உயிர் வந்திருந்தது.

"கரிச்சுதுன்னா ஏன்யா கிண்ணத்த வழிச்சு நக்குன?"

"பசிச்சுது, நக்குனேன்! அதுக்காக நல்லா இருந்துதுன்னு அர்த்தமா?"

"ஓரத்துத் துண்டே உனக்கு அதிகம்" என்றான் லெய்சர், டையைக் கழற்றிக்கொண்டே.

கூட்டம் உயிர் பெற்றது. ஆளுக்கு ஆள் எழுந்து குறை சொன்னார்கள். தையல்காரர் மனைவி தான் சொன்னதை வாபஸ் வாங்கினாள். ஈரலில் வெங்காயத்தைத் தேட வேண்டியிருக்கிறது என்றாள். டாக்டர் லிப்கோவிட்ஸின் கண்ணில் நீர் வழிந்தது. "இதுதான், இதேதான்! உயிருள்ள மரபு! இத உடனே இப்படியே நிறுத்தி வைக்கணும்" என்றார். முத்திரை அங்கேயே வழங்கப்பட்டது. டோபா என் தோளில் ஒரு அடி போட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதுதான் கடைசி.

திங்கட்கிழமை பேரவையின் ஆட்கள் வந்தார்கள். பாதுகாக்கப்பட்ட உணவு மாறக்கூடாது. டோபாவின் கை ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி இருப்பதால், அந்தக் கையை அவர்கள் சமையலறைக்கு வெளியே வைக்க வேண்டியிருந்தது. "கை தப்பு பண்ணும் அம்மா, அளவு தப்பு பண்ணாது. நீங்க இனிமே மரபின் முகம்" என்றார் டாக்டர் லிப்கோவிட்ஸ். வாசலருகே உயரமான நாற்காலி ஒன்றைப் போட்டு, தலையில் பூப்போட்ட துணியைக் கட்டி, அவளை உட்கார வைத்தார்கள். டோபா வாழ்நாளில் தலையில் துணி கட்டியதில்லை. ஃப்ளோரிடா சோபாவுக்கு இது தேவலாம் என்று முதல் வாரம் சொன்னாள். இரண்டாவது வாரம் அதைச் சொல்லவில்லை.

உருண்டை விஷயத்தில் இரண்டு குழுக்களும் உடன்பாட்டுக்கு வந்தன. மேல்பாதி பஞ்சாக, கீழ்பாதி கல்லாக, தனித்தனியே வேகவைத்து நடுவில் ஒரு பல்குச்சியால் சேர்த்தார்கள். உப்பு பற்றி மட்டும் கருத்தொற்றுமை வரவில்லை. அதனால் உப்புக் குழு அறிக்கை தரும்வரை உப்பு நிறுத்தி வைக்கப்பட்டது.

லெய்சருக்கு அலட்சியப் பயிற்சி கொடுத்தார்கள். ஜன்னல் பக்கத்திலிருந்து தொடங்கி மேசை வரிசைப்படி திட்டிக்கொண்டு போனான். எந்த மேசைக்கு எந்தத் திட்டு என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். என்னைத் திட்டும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

எனக்கும் பதவி உண்டு. அங்கீகாரம் பெற்ற குறைசொல்லி. சுற்றுலாக் கூட்டம் உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை கத்தியதைத் திரும்பக் கத்த வேண்டும். அதிலும் மகள் போன் பண்ணுகிற விஷயத்தை எடுத்துவிட்டார்கள், அது தனிப்பட்ட செய்தியாம். கட்டடத்துக்காரனையும் எடுத்துவிட்டார்கள், அவன் இப்போது புரவலன். நக்கியது நாகரிகமில்லை என்று ட்ரெய்ஸ்ட்மன் ஆட்சேபித்தார். கடைசியில் மிஞ்சியது "உருண்டை கல்லு, ஊறுகாய் புளிப்பு" என்பதுதான். முத்திரை நிலைக்க நான் தேவை என்றார்கள். டோபாவுக்காக ஒப்புக்கொண்டேன். முன்பு குறை சொன்னால் மனசு ஆறும். இப்போது சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். யாரிடமாவது இந்தப் பேரவையைப் பற்றிக் குறை சொல்ல வேண்டும் போலிருந்தது. குறை சொல்கிற இடத்தைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்களே.

கூட்டம் வந்தது. வரிசை மூலை வரை நின்றது. எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள்.

ஒரு மதியம் என் முறை வந்தது. வழக்கமாக நான் சூப்பைத் தொடாமலேயே கத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அன்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, பசி. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். வெந்நீரில் யாரோ கோழியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். டோபா அந்த உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் அவள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டிய வசனம் வாயில் வரவில்லை. "டோபா, இதுல உப்பே இல்ல" என்றேன். "இது உன் சூப்பே இல்ல. எப்படி இத வெளிய விட்ட? உனக்கு என்ன ஆச்சு?"

கடை முழுக்கக் கைதட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் சீழ்க்கை அடித்தார். பின்னாலிருந்து டாக்டர் லிப்கோவிட்ஸ், "அற்புதம் கர்ஃபெய்ன்! அந்தக் குரல் நடுக்கத்த அப்படியே வெச்சுக்கங்க, நாளைக்கும் வேணும்" என்றார்.

"நான் நிஜமாச் சொல்றேன்யா!" என்று கத்தினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

டோபா நாற்காலியிலிருந்து இறங்கினாள். வேகமாக வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முத்திரை வந்த நாளிலிருந்து அவளை யாரும் அதைச் சுவைக்க விட்டதில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. விழுங்காமல் கிண்ணத்திலேயே துப்பிவிட்டாள். அதற்கும் தட்டினார்கள். தலைத்துணியை அவிழ்த்து மேசையில் போட்டாள்.

"எந்திரி" என்றாள்.

"எங்க?"

"எங்கயாவது. பசிக்குது எனக்கு."

"அம்மா, நீங்க இடத்த விட்டு நகரக்கூடாது, முத்திரை போயிடும்" என்று டாக்டர் லிப்கோவிட்ஸ் குறுக்கே வந்தார்.

"ஒட்டி வெச்சுக்க. கடை உன்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்றாள் டோபா. நாங்கள் கதவைத் தாண்டும்போது லெய்சர் பின்னாலிருந்து, "போறதுதான் போறீங்க, கதவச் சாத்திட்டுப் போங்க, குளிர் உள்ள வருது, அறிவு கெட்டவங்களா!" என்று கத்தினான். அது பேரவை சொல்லிக்கொடுத்ததல்ல. டோபா சிரித்துவிட்டாள்.

இரண்டு தெரு தள்ளி லாவ் என்ற சீனர் கொழுக்கட்டைக் கடை வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஊரெல்லாம் பூட்டிக்கிடக்கும்போது எங்கள் ஆட்கள் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருப்போம். முட்டைக்கோஸ் கொழுக்கட்டை வாங்கி உட்கார்ந்தோம். டோபா ஒன்றை வாயில் போட்டாள். மென்றாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் கண்ணில் வெளிச்சம் வந்தது.

"உப்பு ஜாஸ்தி" என்றாள் உரக்க.

லாவ் அடுப்பு முன்னாலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் நாக்குல கோளாறு. எங்கப்பா காலத்துலேர்ந்து இதே உப்புதான். பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போ, ஆளுங்க நிக்கறாங்க."

யாரும் நிற்கவில்லை. கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். டோபா இன்னொன்றை எடுத்துப் பிட்டு, விரலால் மாவை நசுக்கிப் பார்த்தாள்.

"மாவு யார் பிசையறது?"

"நான்தான். ஏன்?"

"இன்னைக்கு இறுகிக் கெடக்கே. யாரோட சண்டை?"

லாவ் இப்போது திரும்பினார். கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். "கட்டடத்துக்காரனோட. ஜன்னல்ல ஏதோ முத்திரை ஒட்டணுமாம். இல்லன்னா காலி பண்ணணுமாம். அடுத்த வாரம் யாரோ பெரிய மனுஷங்க வராங்க. அந்த முத்திரை நல்லதா கெட்டதான்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நான் டோபாவைப் பார்த்தேன். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தட்டு கொண்டா. ரெண்டாவே கொண்டா" என்றாள். "அவங்க வர்றதுக்குள்ள சாப்பிட்டுடறோம்."